எண்பதுக்கு இருபது தீர்ந்துபோனால்? ஒரு காபிப் பொடிக் கடையும் நான்கு விருப்ப மாதிரிகளும்

மும்பையின் மாட்டுங்காவில், பண்டார்கர் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி எங்கள் பெரியப்பாவின் காபிப் பொடிக் கடை இருக்கிறது. பெரியப்பாவுக்குப் பிறகு அண்ணன் நடத்துகிறார். வறுத்த கொட்டை மூன்று கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கும்: பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரோபஸ்டா. ஓரமாகச் சிக்கரி டப்பா. யாராவது வந்து நின்றால், விலை சொல்வதற்கு முன்பே அண்ணன் ஒரு நீள நோட்டைப் புரட்டுவார். வீட்டுக்கு ஒரு வரி. ‘பாதி பீபெரி, பாதி பிளாண்டேஷன், சிக்கரி இருபது, நடுத்தர அரைவை.’ அடுத்த வரியில் ‘சிக்கரி கிடையாது, ரோபஸ்டா கால் பங்கு, நைஸ்.’ சில வரிகள் பெரியப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன. எழுதச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே வரியைச் சொல்லி வாங்கிப் போகிறார்கள்.

அந்தப் பேரப்பிள்ளைகள் இப்போது மாட்டுங்காவில் இல்லை. செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்று குடும்பங்கள் நகர்ந்துவிட்டன. கோயிலுக்கோ வாழையிலை வாங்கவோ வரும்போதுதான் கடைக்கும் வருகிறார்கள். அதனால் அண்ணன் சீல் வைத்த கால் கிலோ பாக்கெட் போட்டு வீடுகளுக்கு அனுப்ப முடிவு செய்திருக்கிறார். பாக்கெட் என்று வந்துவிட்டால் வீட்டுக்கு ஒரு கலவை என்பது நடக்காது. ஒவ்வொரு கலவைக்கும் தனி உறை அச்சடிக்க வேண்டும், தனி இருப்பு வைக்க வேண்டும், விற்காமல் தேங்கினால் மணம் போன பொடியைக் கொட்ட வேண்டும். ஆகவே கேள்வி: இரண்டு கலவையா, நாலா, எட்டா? என்ன விலை?

அண்ணன் மகள் எம்.ஏ. பொருளியல் முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். முற்றுரிமைப் போட்டியில் நுகர்வோர் விருப்பமும் பண்ட வேறுபாடும் என்பது அவளது ஆய்வேட்டின் தலைப்பு. சொந்தக் கடையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, மக்கள் எதை எப்படித் தேர்கிறார்கள் என்பதைக் கணக்கால் விளக்கும் விருப்ப மாதிரிகளை அதன்மேல் போட்டுப் பார்த்தாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக என் வீட்டுக்கு வந்து, “அத்தை, நாலு மாதிரிகளை வைத்துப் பார்த்தேன். நாலும் நாலு பதில் சொல்கின்றன. எதை எடுப்பது?” என்று கேட்டாள். இருபது வருடமாகக் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அன்று அவளுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் களம். கடைகள் பல, புதிதாக யாரும் நுழையலாம், ஆனால் ஒவ்வொருவர் சரக்கும் கொஞ்சம் வேறு. அதனால் விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் எல்லா வாடிக்கையாளரும் ஓடிவிடமாட்டார்கள். முற்றுரிமைப் போட்டி எனப்படும் இந்த நிலைக்கு 1933இல் எட்வர்ட் சேம்பர்லின் முழு வடிவம் கொடுத்தார். அதே ஆண்டில் ஜோன் ராபின்சனும் நிறைவற்ற போட்டியைப் பற்றித் தனியாக எழுதினார். சேம்பர்லின் சொன்ன முடிவுகளில் ஒன்று இப்படி: புதியவர்கள் நுழைந்து நுழைந்து லாபம் வடிந்த பிறகும், ஒவ்வொரு கடையும் தன் முழுத் திறனுக்குக் குறைவாகவே உற்பத்தி செய்யும். எங்கள் கடையில் வறுக்கும் இயந்திரம் காலை பதினொரு மணிக்கு ஓய்ந்துவிடும். மதியம் முழுக்க அந்த உருளை ஆறிக்கொண்டு கிடக்கும். அண்ணன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தச் சும்மா கிடக்கும் நேரம், மக்கள் தத்தம் நாக்குக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ள ஊர் கொடுக்கும் விலை என்பது சேம்பர்லினின் பார்வை. அந்த விலை அதிகமா, நியாயமா என்று கணக்கிடத்தான் விருப்பத்துக்கு ஒரு மாதிரி தேவைப்படுகிறது. மாதிரிகள் அங்கேதான் பிரிகின்றன.

முதல் மாதிரி 1977இல் வந்தது: அவினாஷ் தீட்சித், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரும் எழுதியது. தீட்சித் இந்த ஊரில் 1944இல் பிறந்தவர், தோபி தலாவ் பக்கம் இருக்கும் செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தவர். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். இவர்களது மாதிரியில் ஒரே ஒரு நுகர்வோர்தான். ஊர் முழுவதற்கும் அவர் பிரதிநிதி. அவர் எல்லா வகையையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவார், வகை கூடக் கூட மகிழ்வார். எந்த இரு வகைக்கும் இடையே உள்ள பதிலீட்டு நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு எவ்வளவு எளிதாக மாறுவார் என்பதன் அளவு, ஒன்றேதான். அந்த ஒற்றை எண் தெரிந்தால் போதும், விலை வந்துவிடும். நெகிழ்ச்சி 6 என்று வைத்துக்கொண்டால் விலை இறுதிநிலைச் செலவைப் போல், அதாவது இன்னும் ஒரு கிலோ தயாரிக்க ஆகும் செலவைப் போல், ஐந்தில் ஆறு பங்கு. கிலோவுக்கு 500 ரூபாய் செலவானால் 600 ரூபாய் விலை. சந்தையில் நாலு கடைகள் இருந்தாலும் நாற்பது கடைகள் இருந்தாலும் அதே 600தான்.

இந்த மாதிரி பெற்றிருக்கும் மரியாதைக்குத் தகுதியானதுதான். பால் குருக்மன் தன் பன்னாட்டு வணிகக் கோட்பாட்டை இதன்மேல்தான் கட்டினார். ஒரே மாதிரியான இரண்டு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏன் கார் விற்றுக்கொள்கின்றன என்ற கேள்விக்கு அதிலிருந்து விடை வந்தது, 2008இல் நோபல் பரிசும் வந்தது. முழு நாட்டையோ முழுத் தொழிலையோ பார்க்கிறவருக்கு, யார் எந்தக் கலவையைக் குடிக்கிறார் என்பது முக்கியமில்லை. மொத்தத்தில் வகை கூடியதா என்பதே முக்கியம். அந்த உயரத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

ஆனால் அண்ணனின் கேள்வியை இதனிடம் கொடுத்துப் பாருங்கள். அதே நெகிழ்ச்சி 6 என்று கொண்டு, நாலு கலவையை எட்டாக்கினால், அதே பணத்துக்கு நுகர்வோரின் மனநிறைவு சுமார் 15 சதவீதம் கூடும் என்கிறது. உறை அச்சடிக்கும் செலவு தாங்குகிற வரை போட்டுக்கொண்டே போகலாம் என்பதுதான் இதன் பதில். காலை ஆறு மணிக்கு டிகாக்ஷன் இறக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே எண்பதுக்கு இருபது (காபி எண்பது, சிக்கரி இருபது) என்றால் எண்பதுக்கு இருபதுதான். கடையில் இன்னும் நாலு கலவை வந்ததால் அந்த வீட்டின் மனநிறைவு ஒரு துளியும் கூடாது. அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். உணவகங்களுக்கும் ஊறுகாய்க்கும் துணிக்கும் இந்த மாதிரி பொருந்தலாம், ஒரே ஆள் இன்று இது நாளை அது என்று மாற்றிக்கொள்ளும் பண்டங்கள் அவை. காபிப் பொடி அப்படியல்ல.

அடுத்தது ஹரால்ட் ஹோட்டலிங் 1929இல் போட்ட கோடு. ஒரு நீள்தெரு, அதன் நெடுக வீடுகள், இரண்டு கடைகள். ஒவ்வொருவரும் விலையோடு நடைச் செலவையும் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அங்கே போவார்கள். தெரு என்பது உண்மைத் தெருவாகவும் இருக்கலாம், சுவையின் அளவுகோலாகவும் இருக்கலாம் என்று ஹோட்டலிங்கே சொன்னார். காபிப் பொடிக்கு இந்தக் கோடு கையில் கொடுத்ததுபோல் அமைந்திருக்கிறது: சிக்கரியின் சதவீதம். ஒரு முனை பூஜ்யம். மறுமுனையைச் சட்டமே குறித்துக் கொடுத்திருக்கிறது. காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவை உறையின்மேல் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி. ஆக பூஜ்யத்திலிருந்து 49 வரை ஒரு தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஓர் இடம். அண்ணனின் நோட்டு அந்தத் தெருவின் வீட்டு எண் பட்டியல்.

இரண்டு கடைகளும் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்றார் ஹோட்டலிங். ஐம்பது ஆண்டுகள் அப்படியே சொல்லிக் கொடுக்கப்பட்டது. 1979இல் தஸ்ப்ரெமோன், கப்ஷெவிச், தீஸ் மூவரும் அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். மிக அருகில் வந்துவிட்டால் விலைப் போரில் சமநிலையே நிற்காது. தனக்குப் பிடித்த இடத்திலிருந்து விலகும்போது உண்டாகும் மனக்குறை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்று வைத்தால், கடைகள் ஒன்றையொன்று விட்டு இரண்டு முனைகளுக்கே போய்விடும். அண்ணன் மகள் இந்த இடத்தில்தான் குழம்பிப் போயிருந்தாள். நடுவில் ஒட்டுவதா, முனைக்கு ஓடுவதா? இரண்டு இழுப்பும் ஒரே நேரத்தில் உண்டு என்பதுதான் விஷயம். நடுவுக்குப் போனால் ஆள் அதிகம், ஆனால் விலையை வெட்ட வேண்டிவரும். விலகி நின்றால் ஆள் குறைவு, விலை நிற்கும். எந்த இழுப்பு வலுவானது என்பதைத் தன் கலவையிலிருந்து விலகும்போது மனிதனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது தீர்மானிக்கிறது. இருபதிலிருந்து இருபத்தைந்துக்குப் போவது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. இருபதிலிருந்து நாற்பதுக்குப் போனால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் பார்த்தவரை வலி முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுகிறது. அதனால் 1979இன் திருத்தத்தின் பக்கமே சாய்கிறேன்.

அதே 1979இல் ஸ்டீவன் சாலப் கோட்டின் இரு முனைகளையும் சேர்த்து வட்டமாக்கினார். இங்கேதான் ஒப்பீடு ருசிக்கத் தொடங்குகிறது. மாட்டுங்காவின் உண்மை எண்கள் அல்ல, கணக்குக்கு வசதியான எண்களை எடுக்கிறேன். மாதம் ஒரு கிலோ வாங்கும் 1,000 வீடுகள். கிலோவுக்குச் செலவு 500 ரூபாய். ஒரு கடையை நடத்த, எவ்வளவு விற்றாலும் மாறாத செலவு (மாறாச் செலவு) மாதம் 25,000 ரூபாய். வட்டம் முழுவதையும் சுற்றினால் உண்டாகும் மனக்குறையின் மதிப்பு 400 ரூபாய். சாலப்பின் கணக்கில் நாலு கடைகள் நிற்கும், விலை 600 ரூபாய். ஒவ்வொன்றும் 250 கிலோ விற்று, கிலோவுக்கு 100 ரூபாய் பார்த்து, அந்த 25,000ஐச் சரியாக ஈடுகட்டும். ஐந்தாவது ஆள் கடை போட்டால் விலை 580க்கு இறங்கும், ஒவ்வொருவருக்கும் 200 கிலோதான் ஓடும், கிடைப்பது 16,000. எல்லோருக்கும் நஷ்டம். இதே எண்களைத் தீட்சித்-ஸ்டிக்லிட்ஸ் மாதிரியில் நெகிழ்ச்சி 6 என்று போட்டுப் பாருங்கள். அங்கேயும் நாலு கடை, 600 ரூபாய். இன்றைய நிலையை மட்டும் பார்த்தால் இரண்டு மாதிரிகளையும் பிரித்தறிய முடியாது!

இப்போது வீடுகள் 4,000 ஆகட்டும். தீட்சித்-ஸ்டிக்லிட்ஸ் பதினாறு கடைகள் என்கிறது, விலை அதே 600. சாலப் எட்டுக் கடைகள் என்கிறது, விலை 550. ஒன்றில் சந்தை வளர்ந்தால் வகை மட்டும் பெருகும். மற்றொன்றில் கடைகள் நெருங்கி நெருங்கி விலை இறங்கும், அதனாலேயே புதியவர்களின் வரவு மட்டுப்படும். புதுச் சந்தையான நவி மும்பைக்குள் நுழையத் திட்டமிடும் அண்ணனுக்கு இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. 600க்குக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கி, 550க்கு விற்க நேர்ந்தால், கடனை எதிலிருந்து அடைப்பது?

சாலப் மாதிரியில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊர் நலன் என்று பார்த்தால், மேலே சொன்ன சந்தைக்கு இரண்டு கடைகளே போதும். நாலு கடைகளின் மாறாச் செலவும் மக்களின் மனக்குறையும் சேர்ந்து மாதம் 1,25,000 ரூபாய். இரண்டு கடைகளுக்கு 1,00,000. அதாவது சந்தை தேவைக்கு இரு மடங்கு வகைகளைப் போடுகிறது. தீட்சித்-ஸ்டிக்லிட்ஸில் இந்த மிகை இல்லை. மதியம் ஆறிக் கிடக்கும் உருளை வீணா, வீணில்லையா என்ற கேள்விக்குக்கூட மாதிரிக்கு மாதிரி பதில் மாறுகிறது. கலவைகளை நெருக்கி வைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அமெரிக்காவின் காலை உணவுத் தானியப் பெட்டிகளைப் பற்றி ரிச்சர்ட் ஷ்மாலென்சி 1978இல் எழுதியதில், பழைய நிறுவனங்கள் இடைவெளியே இல்லாமல் வகைகளை நிரப்பி, புதியவர் நுழைய இடமில்லாமல் செய்தன என்று காட்டினார். அது பெரிய கைகளின் ஆட்டம். அண்ணனிடம் அவ்வளவு முதலீடு கிடையாது.

மூன்றாவது, தர ஏணி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் எல்லோரும் ஒன்றையே எடுப்பார்கள் என்றால் அது தர வேறுபாடு. சிலர் இதை, சிலர் அதை எடுத்தால் சுவை வேறுபாடு. ஏணி மாதிரியில் மனிதர்கள் வேறுபடுவது சுவையில் அல்ல, தரத்துக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதில். 1982இல் ஷேக்கட், சட்டன் இருவரும் இரண்டு நிறுவனங்கள் வேண்டுமென்றே வேறு வேறு தரத்தைத் தேர்ந்து விலைப் போரைத் தணித்துக்கொள்ளும் என்று காட்டினார்கள். இதன்படி அண்ணன் இரண்டு பாக்கெட் போட வேண்டும், இடையே நல்ல இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மேல் தரத்தை வாங்க வேண்டியவரே கீழே இறங்கிவிடுவார். பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் இந்த ஏணியில் சரியாக உட்காருகின்றன. ரோபஸ்டா உட்காரவில்லை. விலை குறைவு என்பதால் அது கீழ்ப்படி என்று நினைத்தால் தவறு. டிகாக்ஷன் கெட்டியாக இறங்க வேண்டும் என்பவர்கள் விலை ஒன்றாக இருந்தாலும் ரோபஸ்டாவைக் கேட்டு வாங்குகிறார்கள். கெல்வின் லங்காஸ்டர் 1966இல் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்: மக்கள் வாங்குவது பண்டத்தை அல்ல, அதிலுள்ள பண்புகளை. கசப்பு, கெட்டி, மணம் என்று பிரித்துப் பார்த்தால் ரோபஸ்டா ஒன்றில் மேலே, இன்னொன்றில் கீழே.

நாலாவது மாதிரிக்கு பில் கட்டு தேவை. டேனியல் மெக்ஃபேடன் 1974இல் முறைப்படுத்திய தெரிவு மாதிரி, லாஜிட். ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் தேர்கிறார். ஒவ்வொரு வகைக்கும் பண்பு தரும் மதிப்பு, விலை கழிக்கும் மதிப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத தனிப்பட்ட காரணம் ஒன்று. கூட்டிப் பார்த்து எது பெரிதோ அது. இதிலிருந்து விற்பனைப் பங்கு வரும், பங்கிலிருந்து நெகிழ்ச்சி வரும், நெகிழ்ச்சியிலிருந்து விலை வரும். சான்பிரான்சிஸ்கோவில் புது ரயில் வந்தபோது 15 சதவீதம் பேர் அதில் போவார்கள் என்றது அதிகாரபூர்வ மதிப்பீடு. மெக்ஃபேடன் குழு 6.3 என்றது. வந்தது 6.2. அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த லாஜிட்டில் ஒரு குறை உண்டு, பாடப் புத்தகங்கள் அதைச் சிவப்பு பஸ், நீல பஸ் என்று சொல்லும். நம் கடைக்கு மாற்றிச் சொல்கிறேன். எண்பதுக்கு இருபது பாதிப்பேர், சிக்கரி இல்லாதது பாதிப்பேர் வாங்குகிறார்கள். அதே எண்பதுக்கு இருபதை வேறு நிற உறையில் போட்டு அதே விலைக்கு வைத்தால் என்ன ஆகும்? லாஜிட் மூன்றில் ஒரு பங்கு வீதம் என்கிறது. அதாவது, உறை மாறியதைப் பார்த்து, சிக்கரியே தொடாதவர்களில் மூன்றில் ஒருவர் கட்சி மாறிவிட்டார் என்று பொருள். நடக்காத காரியம். உண்மையில் எண்பதுக்கு இருபது வாங்கியவர்களே இரண்டாகப் பிரிவார்கள். எட்டு பாக்கெட் போட்டால் விற்பனை எங்கேயோ போகும் என்று வெறும் லாஜிட் ஆசை காட்டுவதற்குக் காரணம் இதுதான். தீட்சித்-ஸ்டிக்லிட்ஸிலும் இதே குறை இருக்கிறது: எல்லா வகையும் எல்லாவற்றுக்கும் ஒரே தூரம். அது தற்செயல் அல்ல. ஆண்டர்சன், த பால்மா, தீஸ் மூவரும் காட்டியபடி, லாஜிட் மனிதர்களின் கூட்டத்தை மொத்தமாகக் கூட்டினால் தீட்சித்-ஸ்டிக்லிட்ஸின் பிரதிநிதி நுகர்வோரே கிடைப்பார்.

ஆக எதை எடுப்பது? நான் அவளிடம் சொன்னது: மாதிரியை நூலகத்தில் உட்கார்ந்து தேராதே, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார். கேட்டது தீர்ந்துபோனால் மனிதர் எங்கே திரும்புகிறார் என்று பார். மற்ற எல்லாக் கலவைகளின் மேலும் அவற்றின் விற்பனைக்கு ஏற்பப் பரவினால் முதல் மாதிரியும் வெறும் லாஜிட்டும் போதும். பக்கத்துக் கலவைக்கு மட்டும் நகர்ந்தால் கோடும் வட்டமும். விலை ஏறும்போது ஒரு படி இறங்கினால் ஏணி. இந்த ஒரு கேள்வியில்தான் நாலு மாதிரிகளும் உண்மையாகவே வேறுபடுகின்றன.

இரண்டு வாரம் உட்கார்ந்தாள். அண்ணன் நாலு பாக்கெட் சோதனையாகப் போட்டிருந்தார்: சிக்கரி இல்லாதது, எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது, அறுபதுக்கு நாற்பது. வேண்டுமென்றே சில நாள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள். எண்பதுக்கு இருபது இல்லாத நாளில் பெரும்பாலோர் ‘சரி, முப்பது போட்டதையே கொடுங்கள்’ என்றார்கள். சிக்கரி இல்லாததை ஒருவர்கூட எடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம். மறுபக்கம் இன்னும் கறார். ஒரு நாள் வயதான அம்மாள் ஒருவர் சிக்கரி இல்லாத பாக்கெட் கேட்டார். இல்லை என்றதும் எண்பதுக்கு இருபதைக் கையில் எடுத்து, உறையில் அச்சிட்டிருந்த சதவீதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, அப்படியே மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, “நாளைக்கு வருகிறேன்” என்று போய்விட்டார். அவருக்கு எண்பதும் ஒன்றுதான், அறுபதும் ஒன்றுதான். இரண்டுமே அடுத்த தெரு.

எனவே கோடு ஒன்றல்ல. முதலில் ஒரு சுவர்: சிக்கரி உண்டா, இல்லையா. சுவருக்கு அந்தப் பக்கம் பீபெரி, பிளாண்டேஷன் என்ற சிறிய ஏணி. இந்தப் பக்கம் சதவீதத்தின் கோடு. இதைத் தாங்கும் மாதிரி அடுக்கு லாஜிட். முதலில் எந்த அடுக்கு, பிறகு அதற்குள் எது என்று இரண்டு படியாகத் தெரிவு நடக்கும். ஒரே அடுக்குக்குள் இருப்பவை ஒன்றையொன்று அதிகம் தின்னும், அடுக்கு தாண்டித் தின்பது குறைவு. இவை எதுவும் வாங்காமல் டீக்கோ உடனடிக் காபிக்கோ போகிறவரையும் ஒரு தனி வழியாகச் சேர்க்க வேண்டும். மும்பையில் அந்த வழி அகலமானது, அதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு விலையை அநியாயத்துக்கு ஏற்றச் சொல்லும். 1995இல் பெரி, லெவின்ஸோன், பேக்ஸ் மூவரும் அமெரிக்கக் கார்களுக்குச் செய்ததுபோல், ஆளுக்கு ஆள் விலை உணர்வு மாறும் பெரிய மாதிரியும் உண்டு. ஒரு கடையின் சில மாத பில்களை வைத்து அதை மதிப்பிட முயல்வது கையளவு மாவில் கல்யாணப் பந்தி போடுவதுபோல. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் தவறினால் ஆய்வேடே சாய்ந்துவிடும். அண்ணன் நன்றாகப் போகும் கலவைக்கு விலையை ஏற்றுகிறவர். பில்களை அப்படியே கணினியில் போட்டால், விலை கூடினால் விற்பனை கூடுகிறது என்று வரும். சுவைக்குச் சம்பந்தமில்லாமல் விலையை மட்டும் அசைத்த ஏதாவது வேண்டும். அது நம் கண்முன்னே நடந்தது. பிரேசிலில் மழை பொய்த்த கவலையில் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977இன் உச்சத்தையும் தாண்டியது. சிக்கரி இங்கே குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவது, அது அந்த அலையில் ஏறவில்லை. ஆகவே சிக்கரி இல்லாத பொடிக்கும் அறுபதுக்கு நாற்பதுக்கும் இடையே விலை இடைவெளி அகன்றது, மாட்டுங்காவில் யாருடைய நாக்கும் மாறாமலே. அந்த மாதங்களின் பில் கட்டு தங்கம். பரணில் கிடந்த அட்டைப் பெட்டியிலிருந்து அதைத்தான் முதலில் இறக்கச் சொன்னேன்.

ஆய்வேட்டுக்கு அடுக்கு லாஜிட் என்று முடிவாயிற்று. நவி மும்பையின் கடை எண்ணிக்கையையும் விலையையும் யோசிக்க வட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். தீட்சித்-ஸ்டிக்லிட்ஸுக்கு ஓர் அத்தியாயம், நாலு கடை 600 ரூபாய் என்ற ஒரே இடத்திலிருந்து இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்று காட்ட.

அண்ணனுக்கு மூன்று பாக்கெட்: சிக்கரி இல்லாதது, எண்பதுக்கு இருபது, அறுபதுக்கு நாற்பது. எழுபதுக்கு முப்பதை விட்டுவிடச் சொன்னோம். அது புதிதாக யாரையும் கொண்டுவரவில்லை, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் பங்கு போட்டது. எண்பதும் அறுபதும் ஒரே கைக்குச் சொந்தம் என்பதால் ஒன்றில் விலை ஏற்றினால் நகர்கிறவர் பெரும்பாலும் இன்னொன்றுக்கே வருவார். ஆகவே அந்த இரண்டின் விலையையும் சேர்த்து யோசிக்க வேண்டும், தனித்தனியாக அல்ல. சிக்கரி இல்லாததன் விலையைத் தனியாக வைக்கலாம். அண்ணனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. “நோட்டில் இருக்கிற முந்நூறு வீட்டை மூன்று பாக்கெட்டில் அடைத்துவிட்டீர்களே” என்றார். நியாயமான வருத்தம். நோட்டு முறை நின்றுபோகாது, கல்லாவிலும் தொலைபேசியிலும் வரி சொன்னால் அரைத்துத் தரலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் வைக்கலாம் என்றேன். கட்டணம் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார்.

கல்லாவில் நிற்பவரும் டோம்பிவிலியில் பாக்கெட் பிரிப்பவரும் ஒரே மாதிரி திரும்புவார்களா என்பது இரண்டு வாரத்தில் தெரியாது. அதற்காக நோட்டின் வலது ஓரத்தில் அவள் ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தொலைபேசி ஆர்டருக்கும் அண்ணன் ஒரு கேள்வி கேட்டு அதில் எழுதிக்கொள்கிறார்: “கேட்டது இல்லையென்றால் எதை அனுப்பட்டும்?” முதல் பக்கத்தில் இதுவரை பதினோரு வரிகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் நாலில் ‘வேண்டாம், காத்திருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறது.